ஆடிக்காற்றை மலையென்று நம்பியவனுக்கு

இன்று காலை வேப்பூர் ரோட்டில் ஆடிக்காற்று என் குடையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. இந்நேரம் அது பாண்டிச்சேரிக் கடலைத் தாண்டியிருக்கும். மண்ணை அள்ளி முகத்தில் அடித்த அந்தக் காற்றில் நின்றபோது குடையை நினைக்கவில்லை, உன்னைத்தான் நினைத்தேன். நீ போய்ச்சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. இந்தக் காற்றைத்தானே நீ மலையென்று நம்பினாய்.

செல்போனுக்குப் பட்டன் இருந்த காலம் அது. பீங்கான் சூளையில் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த உனக்கு, நாற்பது வயதை நெருங்கும்போது ஒரு கிறுக்குப் பிடித்தது. நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடி, மூன்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும். அதுவும் மலைநாட்டில். நீச்சலில் உனக்குக் குறையில்லை. நம்மூர்க் கிணற்று மீன்கள் உன்னிடம் டியூஷன் படித்தவை. ஓட்டமும் பஸ்ஸைத் துரத்தியே கைவந்தது. மலையில் சைக்கிள் மிதிப்பதுதான் சிக்கல். பெயரில் மட்டும் மலையை வைத்துக்கொண்டிருக்கும் ஊர் நம்முடையது. வீதிவீதியாகத் தேடினாலும் ஒரு மேடு கிடைக்காது.

"மலைன்னா என்னடா மாப்ள? நம்மளப் பின்னால தள்ளுற ஒண்ணு. ஆடிக்காத்தும் அதத்தான செய்யுது" என்றாய்.

உலகத்து விஞ்ஞானிகள் எல்லாரும் வெட்கப்பட வேண்டிய கண்டுபிடிப்பு. நானும் ஆமாம் என்றேன். தினமும் எதிர்காற்றில், முட்ட வரும் கிடா மாதிரி தலையைத் தாழ்த்தி, இருப்பதிலேயே கனமான கியரில் வேப்பூர் வரைக்கும் மிதிப்பாய். திரும்பும்போது காற்று முதுகில் தள்ளும், அது பயிற்சியில் சேராது என்று சைக்கிளை பஸ் கூரையில் ஏற்றிவிடுவாய்.

"ஏன் சார், நல்லா இருக்கிற சைக்கிள எதுக்கு மேல ஏத்துறீங்க?" என்று கண்டக்டர் கேட்டார்.

"அது போவ மட்டுந்தாங்க ஓடும்" என்றாய் நீ.

போட்டி நாளன்று மலையில் காற்றே இல்லை. இல்லாத காற்றுக்குப் பயந்து நீ குனிந்தே ஏறினாய். நெஞ்சு மடங்கி, பாதி மலையில் மூச்சு முட்டியது. கனமான கியர் தொடையைத் தின்றது. நேரம் கடந்துவிட்டதென்று போட்டிக்காரர்கள் உன்னையும் சைக்கிளையும் வேனில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தார்கள். நம்மூர் ஜங்ஷனில் ரயில் நின்றதும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நேராக வீட்டுக்குப் போனாய்.

உன் வீட்டுக்காரம்மா என்னைத் தேடி வந்தார்கள். "அண்ணே, வூட்ல சுவத்தப் பாத்தே உக்காந்திருக்காரு. சோறும் எறங்கல. இன்னொரு தடவ போறதுன்னா போவட்டும்ணே, இதப் பாக்க முடியல."

அன்றைக்கு நீ என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "இன்னும் ஒரே ஒரு தடவ. அதுலயும் வேன்ல ஏத்துனாங்கன்னா சைக்கிள வித்துடறேன்."

நீ விற்பது சைக்கிளோடு நிற்காது என்று எனக்குத் தெரிந்தது.

அடுத்த வருஷம் ரயில்வே மேம்பாலத்துக்கு மாறினோம். நீ ஏறுவாய், இறங்குவாய், மறுபடி ஏறுவாய். பக்கத்தில் நான் மொபெட்டில். "ரெண்டு பேரும் எதத் தொலைச்சிட்டுத் தேடுறாங்க?" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அப்போதும் நீ குனிந்துதான் மிதித்தாய், நடுப்பாலத்திலேயே நாக்கு தள்ளியது. பொழுது போகாமல் ஒரு நாள் நான் ஆரம்பித்தேன்.

"எங்க பெரியப்பா வூட்ல ஒரு பீங்கான் ஜாடி இருந்துச்சி மாப்ள. ஊறுகா எடுக்க உள்ள ஏணி வச்சித்தான் எறங்கணும். அப்பிடி எறங்குன ஒருத்தரு, உள்ளயே கல்யாணம் பண்ணி, புள்ளகுட்டியோட திரும்பி வந்தாரு."

சட்டென்று நிமிர்ந்தாய். "டேய், அந்த ஜாடிய வேவ வைக்க எந்த ஊர்ல சூளை இருந்துச்சி? நான் சூளைக்காரன்டா. எங்கிட்டயே வுடுறியா?"

நீ திட்டி முடித்தபோது பாலத்தின் உச்சியில் இருந்தோம். உனக்கு மூச்சு வாங்கவில்லை. பாதித் திட்டில் கியரைக்கூட லேசாக்கியிருந்தாய். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அதன் பிறகு அதுதான் பயிற்சி. நான் பொய் சொல்வேன், நீ நிமிர்ந்து முழு வாக்கியத்தில் மறுக்க வேண்டும். வெறும் "ம்" வந்தால் கியரைக் குறை, வேகத்தைக் குறை. என் வாழ்க்கையில் பொய்க்குப் பஞ்சம் வந்த காலம் அது ஒன்றுதான்.

போட்டியில் பக்கத்தில் வண்டி வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். உச்சிக்கு முந்தின வளைவில் போய் நின்றேன். ஒவ்வொருவராகக் கடந்தார்கள். பிறகு யாரும் வரவில்லை. அந்த வேன் மட்டும் உன்னைத் தேடுவது போலக் கீழே இறங்கிப் போனது.

வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து முதலில் குரல்தான் வந்தது.

"ஏணி வச்சி எறங்குனானாம். எறங்குனவன் கால் கழுவுனானா? ஊறுகா பூத்துப் போயிருக்காது?"

தண்ணீர் பாட்டிலோடு நின்ற பையன் திகைத்தான். "யாருகிட்டங்க பேசுறாரு?"

"எங்கிட்டதான் தம்பி."

நிமிர்ந்த தலையோடு வந்தாய். "இங்கயா நிக்கிற? உன்னத் திட்டிக்கிட்டேதான்டா பாதி மலை ஏறுனேன்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனாய். நான் ஓரத்துக் கல்லில் உட்கார்ந்து விட்ட மூச்சில் எதிர்ச்சரிவுத் தேயிலை முழுக்கக் காய்ந்து தூளாகியிருக்கும். நேரத்துக்குள் சைக்கிளை முடித்தாய். ஓட்டத்தைப் பாதி நடந்தே முடித்தாய். சைக்கிளை விற்கவில்லை.

அன்றிலிருந்து யாருக்காகக் காத்திருந்தாலும் நான் முகத்தை எதிர்பார்ப்பதில்லை, ஒரு முழு வாக்கியத்தை எதிர்பார்க்கிறேன். போன மாதம் என் வீட்டுக்காரிக்கு, அதுதான் உன் தங்கச்சிக்கு, பித்தப்பையில் ஆபரேஷன். வராந்தாவில், உலகத்துப் பொய்யர்களின் சக்கரவர்த்தியான நான், வாய் உலர்ந்து நின்றேன். ரொம்ப நேரம் கழித்து, மூடிய கதவுக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டது.

"வெளிய நிக்கிற மனுசன் சாப்ட்டாரான்னு கேளுங்க சிஸ்டர். கேட்டா சாப்ட்டேன்னு பொய் சொல்லுவாரு, நம்பாதீங்க."

நாற்காலியில் உட்கார்ந்தேன். நர்ஸ் எட்டிப் பார்த்துக் கேட்டார்கள்.

"சாப்ட்டேங்க" என்றேன்.