நெடுந்தீவில் தங்க ஒரு அறை

8.3.83, செவ்வாய்
நல்ல வெயில். கடல் தட்டையாய்க் கிடந்தது. குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நெடுந்தீவு வந்து சேர்ந்தேன், தலைச்சுத்து, சத்தி ஒண்டும் வரேல்லை. வெளிநாட்டார் வந்து பார்க்க இங்கே என்ன இருக்கு, எங்கே தங்கலாம் எண்டு எங்கட சுற்றுலாக் கந்தோருக்கு எழுதிக் குடுக்கவேணும். கந்தோர்ப் பெரியவருக்கு ஒல்லாந்தர் கோட்டையடியில் ஒரு ஹோட்டல் கட்ட ஆசை. அதுக்கு இடமும் பார்க்கட்டாம்.

எனக்குத் தங்கல் அம்பலவாணர் அண்ணை வீட்டில். தெற்கே சிங்கள ஊரொண்டில் கடை வைத்திருந்தவர். எழுபத்தேழு கலவரத்தில் கடை எரிஞ்சு, மனிசி பூமணி அக்காவோட ஊருக்குத் திரும்பினவர். பிள்ளைகள் ஜேர்மனியில். மத்தியானம் சோறு, மீன் குழம்பு, முருங்கையிலை வறை. அக்கா அதிகம் கதைக்கேல்லை.

9.3.83, புதன்
பார்த்தவை: கோட்டை (அரைவாசி இடிஞ்சு போச்சு). புறாக்கூடு. பெருக்கமரம், பொந்துக்குள் ஆள் நிக்கலாம். வளவுக்கு வளவு முருகைக்கல் அடுக்கின மதில். தெற்கு வெளியில் குதிரைகள். ஒரு தாய்க்குதிரை குட்டியோட நிண்டது, என்னைக் கண்டும் ஓடேல்லை. குறிப்பு எடுக்க மறந்து பார்த்துக்கொண்டு நிண்டேன். சனம் வரும். கட்டாயம் வரும்.

தண்ணிதான் பிரச்சினை. கோட்டைப் பக்கம் உவர். நல்ல தண்ணிக் கிணத்தடியில் பெண்டுகள் குடத்தோட வரிசை. ஹோட்டல் வந்தால் இவைக்கு என்ன மிஞ்சும்?

செருப்பு வார் அறுந்து போச்சு.

பின்னேரம் அண்ணை தானாகவே கதையை எடுத்தார். முன்னறை இரண்டும் சும்மா கிடக்காம். வாற ஆக்களைத் தங்க விடலாமாம், வாசலில் ஒரு பலகை மாட்டினால் போதுமாம். எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு. குசினிக்குள் இருந்து அக்கா வந்தா.

"அங்கயும் பலகை மாட்டினனாங்கள். அதில எங்கட பேரைப் பார்த்துத்தான் கொளுத்தினவங்கள். இன்னொருக்கா என்னால ஏலாது."

அண்ணை எழும்பிப் போய் முன்னறைக் கதவைச் சாத்தினார்.

10.3.83, வியாழன்
சரியான வெக்கை. குதிரை வெளியால் திரும்பி வரேக்கை வழியில் ஒரு ஜேர்மன்காரச் சோடி. குதிரை பார்க்க நடந்தே வந்திருக்கினம். பெடிச்சி வெயிலில் சுருண்டு போய், சத்தி. உழவு மெசின் பெட்டியில் ஏத்தி ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனோம். அப்போதிக்கரி ஐயா பார்த்துவிட்டு, பயமில்லை, நிழலில் கிடத்தித் தண்ணி குடுங்கோ எண்டார். அதுக்குள் பின்னேரக் கடைசி வள்ளம் வெளிக்கிட்டுப் போட்டுது. தங்க ஒரு இடமில்லை.

வேற வழி தெரியாமல் இஞ்ச கூட்டிவந்தேன். வாசல் படலையடியில் எனக்கே பயம், அக்கா என்ன சொல்லுவாவோ எண்டு. அக்கா அந்தப் பிள்ளையின்ர முகத்தைப் பார்த்தா. என்னை ஒண்டும் கேக்கேல்லை. முன்னறையைத் திறந்து கட்டிலைத் தட்டிப் போட்டா. ஈரத்துணியால் கால் துடைச்சு, உப்புப் போட்ட கஞ்சியைக் கரண்டி கரண்டியாய்ப் பருக்கினா. பெடியன் வாசலில் குந்தியிருந்து அழுதான். அண்ணை அவனுக்குத் தேத்தண்ணி குடுத்தார்.

விளக்கேத்திற நேரம் கிணத்தடியில் அக்கா சொன்னா: "கடை எரிஞ்ச அண்டு ஒரு சிங்கள மனிசி எங்களை உள்ளுக்கு எடுத்து ஒளிச்சு வைச்சவ. ஆர், எவர் எண்டு கேக்கேல்லை."

11.3.83, வெள்ளி
பெடிச்சி எழும்பி இடியப்பம் சாப்பிட்டாள். அக்காவின்ர சீத்தைத்துணிச் சட்டையோடயே காலமை வள்ளம் ஏறினாள், கழட்ட விடேல்லை அக்கா. துறையில் அக்காவும் அவளும் கையைப் பிடிச்சபடி நிண்டவை. ஒருத்தருக்கு மற்றவரின்ர பாஷை தெரியாது.

வீட்டுக்கு வாற வழியில் அக்கா: "பலகை வேண்டாம் பிள்ளை. ஆனா ரெண்டு அறையையும் எழுதும்."

எழுதினேன். ஹோட்டல் வேண்டாம், தண்ணி காணாது. வீடுகளில் அறைகள், முதலில் இந்த வீடு. பெரியவர் முகத்தைச் சுளிப்பார். சுளிக்கட்டும்.

இரவுச் சாப்பாடு பிட்டு. அண்ணை மற்ற அறைக் கதவுக்கு எண்ணெய் விடுகிறார். பசிக்குதோ எண்டதை இங்கிலீசில் எப்பிடிக் கேக்கிறது எண்டு அக்கா கேட்டா. சொல்லிக் குடுத்தேன். அடுப்படியில் நிண்டு மெல்லமாய்ச் சொல்லிப் பார்க்கிறா.