கத்திக்காரன் கரையேறும் வரை

எத்தாளை,
பெப்ரவரி 3

அன்புள்ள மகன் தினுஷனுக்கு,

அம்மா எழுதுகிறேன். சுகம் விசாரித்த பிறகுதான் மற்றதை எழுத வேண்டும் என்று கொன்வென்றில் எங்களைப் பழக்கினார்கள். ஆகவே கேட்கிறேன். நீ சுகமா? ஷானிகாவும் பிள்ளையும் சுகமா? இந்தக் கேள்விக்காவது பதில் அனுப்பு.

போன் எடுத்தால் நீ வேலையில் நிற்கிறாய் என்று ஷானிகா சொல்கிறாள். காலையிலும் வேலை, ஞாயிற்றுக்கிழமையிலும் வேலை. இத்தாலியில் மனிதருக்கு ஓய்வே கிடையாது என்பது எனக்கு இதுவரை தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் வெட்ட முடியாது. சின்னம்மாவின் மகள் டிலுக்ஷி ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவாள். "பெரியம்மா, நான் வாசிக்காமத்தான் எடுப்பன்" என்கிறாள். வாசிக்காமல் எழுத்துத் தெளிவாக விழுந்ததா என்று எப்படிப் பார்ப்பாள்? வாசிக்கட்டும். ஊரே கதைத்து முடித்த விஷயம்.

வீட்டுச் செய்தி பெரிதாக இல்லை. வெங்காயம் பிடுங்கியாயிற்று, இந்த முறை குமிழ் சிறிது. பின்பக்கத்து ஓடுகளை மாற்றினேன். வந்த ஆள் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை, திரும்பவும் கூப்பிட்டு மாற்றுவித்தேன்.

உன்னோடு ஒன்றாக வளர்ந்த றிம்ஸான் இன்னும் கொழும்பு ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறான். வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். இடது கண்ணில் வெளிச்சம் தெரிகிறதாம், ஆள் தெரியாதாம். கழுத்தில் உள்ள துவக்குச் சன்னங்களில் சிலவற்றை அப்படியே விட்டிருக்கிறார்கள். எடுக்கப் போனால் உயிருக்கு ஆபத்தாம்.

பொலிசுக்கு அவன் கொடுத்த வாக்குமூலம் உனக்குத் தெரியும். விமானம் ஏறும் முன்பே தெரிந்துகொண்டுதான் ஏறினாய். துவக்கு தன் கையில் இருந்தது, சேற்றில் சறுக்கி விழுந்தபோது வெடித்தது, தினு தூரத்தில் நின்றான் என்று சொல்லியிருக்கிறான். டொக்டர் அதை நம்பவில்லை. பொலிஸ் நம்பியது. நம்புவது அவர்களுக்கு லேசு.

ஆனால் அந்தப் பொய் இப்போது அவன் கழுத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. அனுமதி இல்லாமல் துவக்குப் பாவித்தான் என்று அவன் மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். காட்டுத் தாராப் பறவையைச் சுட்டதற்கு வேறு வழக்கு. அப்பா செத்த பிறகு துவக்கின் லைசன்ஸ் என் பெயரில்தான் இருக்கிறது. அதனால் எனக்குச் சாட்சிக் கட்டளை வந்திருக்கிறது. புத்தளம் நீதிமன்றத்தில் இந்த மாதம் பதினெட்டாம் திகதி. என் பெயரில் உள்ள துவக்கு றிம்ஸானின் கைக்கு எப்படிப் போனது என்று கேட்பார்கள். நான் கொடுத்தேன் என்றால் பொய். நான் கொடுக்கவில்லை என்று சொல்லி நிறுத்தினால் அவன் கள்ளன்.

ஒரு லோயரிடம் போனேன். நல்ல கதிரையில் இருத்தினார், தேநீர் தந்தார். பிறகு, "மிஸிஸ், ஞாபகமில்லை எண்டு சொல்லுங்கோ. உங்கட வயசுக்கு ஒருத்தரும் குறை நினைக்க மாட்டினம்" என்றார். எனக்கு எல்லாம் ஞாபகமிருக்கிறது. தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நான் அந்தக் குளத்தடியில் இருக்கவில்லை. ஆனாலும் நடந்தது எனக்குத் தெரியும். உன் அப்பாவும் றிம்ஸானின் வாப்பா சுஹைரும் எழுவன்குளத்துப் பக்கம் எத்தனை மாரி தாராவுக்குப் போய் வந்தவர்கள். விழுந்த தாராவை உயிர் போகுமுன் அல்லாஹ்வின் பெயரால் பிஸ்மி சொல்லி அறுத்தால்தான் சுஹைர் வீட்டில் சமைக்கலாம். அதற்காக அவர் கத்தியோடு முழங்கால் தண்ணீரில் ஓடுவார். அவர் திரும்பிக் கரையேறும் வரை அப்பா துவக்கை மடக்கி முழங்கையில் போட்டுக்கொண்டு நிற்பார். தோட்டா போடமாட்டார். தலைக்கு மேலே எத்தனை கூட்டம் போனாலும் நிமிர்ந்து பார்க்கமாட்டார். ஒருமுறை சுஹைரே தண்ணீரில் நின்று, "சுடுங்க மனுசா, நான் குனிஞ்சு கொள்றன்" என்று கத்தினாராம். "நீ முதல்ல வெளியில வா, உன்ர பொண்சாதிக்கு நான் பதில் சொல்ல ஏலாது" என்றாராம் அப்பா. இந்தக் கதையைச் சொல்லி இருவரும் எங்கள் சாப்பாட்டு மேசையில் சிரித்தபோது நீயும் றிம்ஸானும் கீழே இருந்து ஆளுக்கொரு எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தீர்கள்.

நீ சேர்ந்திருக்கும் இத்தாலி வேட்டைக் கழகத்தில் விழுந்த பறவையை நாய் போய்க் கவ்வி வருகிறது. நாய் ஓட, மனிதர் மறுபடி தோட்டாவைப் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்க்கிறார்கள். கிறிஸ்மஸ் அன்று அந்த நாயின் படத்தை எல்லோருக்கும் காட்டினாய். அதன் பெயரையும் சொன்னாய். நீங்கள் இருவரும் தாராவுக்குப் போன அன்று விடிய றிம்ஸான் தன் வாப்பாவின் கத்தியோடு தண்ணீரில் இறங்கினான். நீ தோட்டாவைப் போட்டாய். அடுத்த கூட்டம் தாழ்வாக வந்தது.

நீ கெட்டவன் இல்லை, மகன். உன் கை அந்த நாட்டுப் பழக்கத்தில் இருந்தது. அவனை மடியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவனும் நீதான். சேறும் இரத்தமுமாக வாசலில் நின்று, "நான் தாராவைத்தான் பாத்தனான் அம்மா, அவனைப் பாக்கல்ல" என்று சொன்னாய். அதுதான் நீ கடைசியாகச் சொன்ன உண்மை. அதையே நீதவானிடமும் சொல். அதற்குமேல் ஒரு சொல் கூட வேண்டாம்.

வந்து சொல்.

இப்படிக்கு,
அம்மா


எத்தாளை,
பெப்ரவரி 11

மகன் தினுஷனுக்கு,

நீல நிறத்தில் இரண்டு கோடு விழுந்தால் வாசித்ததாக அர்த்தம் என்று டிலுக்ஷி சொன்னாள். அன்றைக்கே விழுந்துவிட்டதாம். பதில்தான் பிந்தி வந்தது. உன் குரலை அவள் எனக்குப் போட்டுக் காட்டினாள். விசா போய்விடும், வேலை போய்விடும், பிள்ளையின் படிப்பு என்னாவது, "ஞாபகமில்லை எண்டு சொல்லுங்கோ அம்மா, உங்கட வயசுக்கு ஆரும் நம்புவினம்." நீயும் அந்த லோயரும் சேர்ந்தா யோசித்தீர்கள்? இன்னொரு முறை போடவா என்று டிலுக்ஷி கேட்டாள். போதும் என்றேன்.

நேற்று அவளைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய் றிம்ஸானைப் பார்த்தேன். என் குரல் கேட்டதும் கட்டிலில் எழுந்து இருக்கப் பார்த்தான். படு என்றேன். "மாமி, இண்டைக்கு என்ன கலர் சாரி? நல்லாத்தான் இரிக்கும், நான் பாக்கத் தேவையில்ல" என்று சிரித்தான். பக்கத்தில் நின்ற அவன் மனைவி றிஸ்மியா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். "சின்னதில மாங்கா களவெடுத்துப் பொய் செல்லினதுக்கு நீங்க முறுக்கின காது இன்னும் நோகுது மாமி. பொய் கூடாது எண்டு தெரியும். ஆனா எனக்குப் போனது போயிட்டு. தினுவுக்கும் ஏன் போகணும்?" என்றான். கோர்ட்டில் எதுவும் சொல்ல வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். பிடித்த கையை விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அவன் நித்திர கொள்றானா மாமி? பயந்தா அவனுக்கு நித்திர வராதே" என்று கேட்டான்.

கண் போனவன் உன் நித்திரையை விசாரிக்கிறான். தெரியாது என்றேன். அதுவாவது உண்மை.

வெளியே விறாந்தையில் றிம்ஸானைப் பெற்ற சாரா உம்மா இருந்தார். இந்த ஊருக்கு நான் மணமகளாக வந்த நாள் முதல் அவருக்கும் எனக்கும் பெருநாளும் கிறிஸ்மஸும் சேர்ந்தேதான் நடந்திருக்கிறது. மகனைச் சுட்டவனின் தாய் என்று என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "யூஜீனியா அக்கா, கண்ணு போனத அல்லாஹ் பாத்துக் கொள்வான். அதுக்கு நான் உங்கள்ட்ட ஒண்டும் கேக்கல்ல" என்றார். "ஆனா என்ட புள்ள வாழ்க்கையில துவக்கத் தூக்கினவன் இல்ல. அவன்ட வாப்பாவும் தூக்கினவர் இல்ல. கத்திதான் கொண்டு போறவங்க. அது உங்களுக்குத் தெரியும். நாளைக்கு ஊரான், களவெடுத்த துவக்கால கண்ணக் கெடுத்துக் கொண்டான் எண்டு செல்லுவான். அவன்ட பொம்புளப் புள்ளைக்கு நாங்க என்ன செல்லுற?"

நான் அவர் பக்கத்தில் போய் இருந்தேன்.

விசாவை நானும் யோசித்தேன், மகன். பேரப்பிள்ளையையும் யோசித்தேன். நீ மறியலில், சிறையில் இருக்க நேரலாம் என்பதையும் யோசித்தேன். உன்னை அங்கே பார்க்க வரிசையில் நிற்பது எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். நிற்பேன். தெரிந்தவர்கள் பார்க்கட்டும். வேண்டுமென்று செய்ததல்ல, தானாக வந்து ஒப்புக்கொண்டால் நீதவான் அதைப் பார்ப்பார் என்று இன்னொரு லோயர் சொல்கிறார். இவர் வயதானவர், என் வயதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நீ வருகிறாய் என்று தெரிந்தால் வழக்கைத் தள்ளிப் போடும்படி கேட்பாராம்.

நான் யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாதவள். அப்பா கட்டிலில் விழுந்தபோதும் கெஞ்சவில்லை. இப்போது உன்னிடம் கெஞ்சுகிறேன். டிலுக்ஷி வாசிக்கிறாள் என்று தெரிந்துகொண்டே கெஞ்சுகிறேன்.

இப்படிக்கு,
அம்மா


எத்தாளை,
பெப்ரவரி 17

மகன்,

நீலக் கோடு விழுந்தது. வேறு ஒன்றும் வரவில்லை.

இன்று பின்னேரம் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். இன்னும் செய்யாத பாவத்துக்கு மன்னிப்புக் கேட்க முடியுமா என்று கேட்டேன். எது பாவமென்று நினைக்கிறீர்கள் என்றார். பொய் சொன்னால் ஆண்டவருக்குப் பாவம், உண்மை சொன்னால் என் பிள்ளைக்குப் பாவம் என்றேன். இளம் சாமியார். அவருக்கும் எங்கோ ஒரு தாய் இருக்கிறாள்.

நாளை வேதப்புத்தகத்தின் மேல் கை வைப்பேன். துவக்கு யார் கைக்குப் போனது என்று கேட்பார்கள். நான் ஒரு பெயரைச் சொல்வேன். அந்தப் பெயரை முதன்முதலில் சபை முன்னால் சொன்னவளும் நான்தான். ஞானஸ்நானத் தொட்டியருகே, பிள்ளைக்கு என்ன பெயர் என்று குருவானவர் கேட்டபோது உன் அப்பா சந்தோஷத்தில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். நான்தான் சத்தமாகச் சொன்னேன். கோயிலில் கடைசி வாங்கில் இருந்தவர்கள் வரை கேட்டது. நாளைக்கு அவ்வளவு சத்தம் வருமா என்று தெரியவில்லை.

என் வாயால் அதைச் சொல்லவைக்காதே. நீ வந்து நீயே சொல். இன்றைக்கு வர முடியாதென்பது எனக்கும் தெரியும். "வாறன்" என்று ஒரு சொல் அனுப்பினால் போதும், லோயர் எழுந்து தவணை கேட்பார். டிலுக்ஷியின் போனை என் கையில் தரச் சொல்லியிருக்கிறேன். வழக்கு எண்ணைக் கூப்பிடும் வரை நீதிமன்றத்துக்கு வெளியே படியில் இருப்பேன். எனக்கு அதைத் திறக்கத் தெரியாது. சத்தம் வந்தால் அவள் திறந்து காட்டுவாள். உள்ளே போகும்போது நிறுத்திவிட வேண்டுமாம். அதற்கு முதல் அனுப்பு, மகன்.

அனுப்பாவிட்டாலும் நீ என் பிள்ளை. உன் நெற்றியில் இங்கேயிருந்து சிலுவை அடையாளம் போடுகிறேன். தலையைக் குனிந்து வாங்கிக்கொள்.

அம்மா