அஞ்சுக்கு மூணு

மச்சான்,

கூரை மாற்றுகிறோம் என்று நேற்று மத்தியானம் பரணைக் காலி செய்தபோது, என் அக்கா மகள் அந்தப் பெட்டியைக் கீழே இறக்கினாள். மூடியைத் திறந்ததும் பழைய அட்டையும் கருவாட்டுத் தூளும் நீ காதில் செருகியிருந்த பென்சிலும் கலந்த ஒரு வாசனை எழுந்தது. ஏழு வருஷம் அடைபட்டுக் கிடந்த வாசனை நேரே என் மூக்கைப் பிடித்து, "இன்னாடா, மறந்துட்டியா?" என்று உன் குரலில் கேட்டது.

அவள் பொன்னேரி காலேஜில் கணக்குப் படிக்கிறவள். அட்டைகளைப் புரட்டி ஒன்றை என் முன்னால் நீட்டினாள்.

"இது யாரு மாமா? அடி நாலு, ஓட்டம் நாலு, தம் மூணுன்னு போட்டுக்கீது."

"என் கூட்டாளிம்மா."

"மூணுன்னா எதுக்கு மூணு? அஞ்சுக்கா, பத்துக்கா, நூத்துக்கா?"

நான் எப்பேர்ப்பட்ட வாயாடி என்று உனக்குத் தெரியும். முழங்கால் தண்ணீரில் ஒரு திமிங்கிலத்தோடு மூன்று நாள் வாய்ச்சண்டை போட்டு, அது அழுதுகொண்டே சிலோன் பக்கம் போனதைப் பார்த்தவன். அந்தப் பெண் கேட்டதற்கு மட்டும் முகம் கழுவப் போகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். அவளுக்குச் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன்.

அந்தப் பெட்டி நம் கைக்கு வந்த நாளை நினைத்துக்கொள். எழுபதுகளின் கடைசி. பழவேற்காட்டு மரக்கடை பாயின் மைத்துனர் கப்பலில் வேலை பார்த்துவிட்டு வாங்கிவந்தது. கிரிக்கெட்டின் தூரத்துப் பங்காளி மாதிரி ஏதோ பேஸ்பால் என்று ஒரு ஆட்டமாம். ஒருவன் எறிவான், ஒருவன் உருட்டுக் கட்டையால் அடிப்பான், நாலு மூலையையும் சுற்றி ஓடிவந்தால் கணக்கு. ஆனால் பெட்டியில் பந்தும் இல்லை, கட்டையும் இல்லை. ஆளுக்கு ஒரு அட்டை, அட்டையில் அவன் திறமை, இரண்டு தாயக்கட்டை, ஒரு பெரிய பட்டியல். கட்டையை உருட்டிப் பட்டியலைப் பார்த்தால் என்ன நடந்தது என்று தெரியும். நாம் ஆடுகிறவர்கள் இல்லை, ஆடவைக்கிறவர்கள்.

"எடுத்துட்டுப் போங்கப்பா, எங்க வூட்டுல இது பீடிக்கட்டு வைக்கத்தான் ஆவுது" என்று பாய் நம் ஓடத்தில் அதை வைத்தார். கோல் ஊன்றி ஓடம் தள்ளி ஆட்களை அக்கரை சேர்க்கிற இரண்டு பேர், அன்று முதல் இரண்டு சாம்ராஜ்யங்களுக்கு மேலாளர்கள் ஆனோம்.

அட்டையில் இருந்த வெள்ளைக்காரர்களை நமக்குப் பிடிக்கவில்லை. மூஞ்சி தெரியாதவன் ஓடினால் என்ன, விழுந்தால் என்ன? நம் குப்பத்து ஆட்களையே அட்டையில் ஏற்றலாம் என்றவன் நீ. ஏரியில் எந்தக் கூட்டம் எந்த நாள் எங்கே வலை போடுவது என்பதற்குப் பாடு சீட்டு குலுக்குவோமே, அதே மாதிரி சீட்டு குலுக்கி ஆட்களைப் பிரித்துக்கொண்டோம். அந்தப் பாடு முறையில் உள்ள கட்டுப்பாட்டையும் சேர்த்தே கொண்டுவந்தோம். தன் பேரைத் தானே எழுதக் கூடாது, பக்கத்து ஆள்தான் எழுத வேண்டும். உன் அட்டையை நான், என் அட்டையை நீ.

அதற்குப் பிறகுதான் மகாயுத்தம். எத்தனைக்கு எத்தனை போடுவது?

"நூத்துக்குப் போடலாம்டா" என்றாய்.

"நூறா? அறுவத்திரண்டுக்கும் அறுவத்திமூணுக்கும் இன்னா வித்தியாசம்னு அண்ணனும் தம்பியும் வெட்டிக்குவானுங்க. கையில அஞ்சு வெரலு. அஞ்சு போதும்."

"அஞ்சுல போட்டா பாதிப் பேரு மூணு ஆயிடுவான். மூணுன்னா ஒண்ணும் சொல்லலைன்னு அர்த்தம்டா."

இந்தச் சண்டை பதினோரு நாள் நடந்தது. ஏரியில் இருந்த பூநாரைகள் எல்லாம் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றன என்று நான் இன்றைக்கும் சத்தியம் செய்வேன். கடைசியில் சத்தம் பெரியவன் ஜெயித்தான். அஞ்சு என்று முடிவானது. நீ மட்டும் ஒரு நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, "எனக்காக நூத்துல ஒண்ணு வெச்சிக்கறேன்" என்றாய்.

மீன் கூடைக்காரி நம்மிடம் வந்து நின்றது நினைவிருக்கிறதா?

"எங்க வூட்டுக்காரருக்கு ஓட்டத்துல ரெண்டு போட்டியாமே?"

"ஆமாக்கா, கால் கொஞ்சம் பாரம்."

"என்னைக் கண்டா அந்தாளு ஓடற ஓட்டத்த நீ பாத்துக்கீறியா? அஞ்சு போடு!"

போட்டோம். ஓடத்தின் இரண்டு நடைகளுக்கு நடுவில், துறையில் ஆள் சேருகிற மத்தியான நேரங்களில், அந்த மனுஷன் அட்டையில் மானாகப் பறந்தான்.

எறிகிறவனுக்கு மட்டும் இன்னொரு எண் உண்டு, தம். எத்தனை சுற்றுக்கு அவன் தாங்குவான் என்று சொல்வது. உன் அணியின் எறிகாரன் நீயேதான். உன் தம்முக்கு நான் போட்டது மூணு. ஆறு சுற்று தாங்கும். ஏழாவதில் ஆளை மாற்ற வேண்டும். நீ ஒருநாளும் உன்னை மாற்றியதில்லை.

இப்போது எழுதக் கை வராத இடத்துக்கு வருகிறேன்.

இரண்டாவது வருஷம், வாடைக்காற்று நாள் ஒன்றில், ஓடம் உன் பக்கமாகத் திரும்பியது. இடது பக்கம் நான், வலது பக்கம் நீ, இரண்டு கோலும் ஒரே அழுத்தம் இருந்தால்தான் ஓடம் நேரே போகும். ஓடத்தில் இருந்த குடைக்காரப் பெரியவர், "இன்னாப்பா, உங்க ஓடம் குடிச்சிருக்குதா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். உன் கழுத்து நரம்பு துடித்ததை நான் ஒருவன்தான் பார்த்தேன்.

மறுநாள் முதல் நான் என் அழுத்தத்தைக் குறைத்தேன். உனக்கு எவ்வளவோ எனக்கும் அவ்வளவு. ஓடம் நேரே போனது. கரை சேர நேரமானால், "ஏரியில சேறு ஏறிப்போச்சு பாய்" என்றேன். ஏரி நிஜமாகவே தூர்ந்துகொண்டிருந்ததால் ஒருவரும் மறுக்கவில்லை. பெரிய உபகாரம் செய்வதாக நினைத்தேன். உன் மானத்தை என் தோளில் சுமக்கிற கர்ணன் என்று எனக்கு நானே மகுடம் சூட்டிக்கொண்டேன்.

வருஷத்துக்கு ஒருமுறை எல்லா அட்டையும் புதிதாக எழுதுவோம். நீ கேட்பாய்.

"என் தம் எவ்ளோடா போட்ட?"

"மூணு."

"போன வருசமும் மூணு."

"மாறலன்னு அர்த்தம்."

"நூத்துல சொல்லேன்."

"நூத்துலயும் மூணுதான்டா!"

சிரித்தாய். சிரிப்பு முடிவதற்குள் ஓடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாய். நான் பூநாரைகளைப் பார்த்தேன். அன்று அவை என்ன செய்துகொண்டிருந்தன என்று கேட்டால் ஒன்றொன்றாகச் சொல்வேன். அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தேன், உன்னைப் பார்க்காமல் இருக்க.

மூன்றாவது வருஷம் நீ வேறொன்று சொன்னாய். "டேய், நீ போயி டாக்டரப் பாரு. உன் கோல் முன்ன மாதிரி இல்ல." நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அந்த வருஷமே, துறையில் கோலை ஊன்றி நின்றவன் அப்படியே உட்கார்ந்தாய். பொன்னேரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மெட்ராஸ். இதயத்தில் ஒரு கதவு வருஷக்கணக்காகச் சரியாக மூடவில்லை என்றார் டாக்டர். "வேலை செய்யறப்ப மூச்சு வாங்கியிருக்குமே, கூட இருக்கறவங்க யாரும் பாக்கலியா? முன்னாடியே வந்திருந்தா வழி இருந்தது" என்றார். கூட இருக்கிறவன் சுவரைப் பார்த்தேன். அங்கே பூநாரைகூட இல்லை.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உன் சம்சாரம், என் தங்கச்சி, உன் நோட்டை என்னிடம் கொடுத்தாள். "உங்க ஆட்டக் கணக்கு அண்ணே, எனக்கு ஒண்ணும் புரியல" என்றாள்.

குப்பம் முழுவதும் அதில் இருந்தது, நூற்றுக்கு. உன் பெயருக்கு எதிரே தம் என்ற இடம் காலி. கட்டுப்பாட்டை மீறாதவன் நீ. அடுத்த பக்கத்தில் என் பெயர். என் தம்மை மாதாமாதம் எழுதியிருந்தாய். எண்பத்தெட்டு. எண்பத்தொன்று. எழுபது. அறுபத்திரண்டு. ஐம்பது. கடைசியில் நாற்பத்தொன்று.

என் உடம்பில் ஒரு குறையும் இல்லை மச்சான். நான் உன் அளவுக்கு இறங்கினேன், நீ என் இறக்கத்தை எழுதினாய். அந்தப் பக்கத்தில் இருப்பது என் பெயர். எண்கள் உன்னுடையவை.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிந்தாக வேண்டும். எனக்குத்தான் உடம்பு சரியில்லை என்று நம்பினாயா? உன் மூச்சை மறந்து என் மூச்சுக்குப் பயந்துகொண்டிருந்தாயா? இல்லை, நான் செய்வது தெரிந்து, சொல்ல வேண்டியவன் சொல்வான் என்று வருஷத்துக்கு ஒருமுறை எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தாயா? "நூத்துல சொல்லேன்" என்ற குரலைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறேன். கோல் தண்ணீரில் இறங்கும்போது கேட்கிறது. ஏறும்போதும் கேட்கிறது.

இப்போது வலது பக்கம் நிற்பவன் எருமை மாதிரி பலசாலி. ஆனாலும் என் கை தானாகக் குறைகிறது. ஓடம் என் பக்கம் திரும்புகிறது. "இன்னா மாமா, வயசாயிடுச்சா?" என்கிறான். யாருடைய அளவுக்கு இறங்குகிறேன் என்று அவனுக்கு எப்படிச் சொல்ல? அந்தப் பக்கம் இன்னும் நீதான் நிற்கிறாய்.

முகம் கழுவிவிட்டு உள்ளே வந்தேன். அக்கா மகள் அட்டையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "அஞ்சுக்கு மூணும்மா" என்றேன். "அப்போ ஒண்ணும் தெரியாதே மாமா" என்றாள். உன்னைப் பார்த்திராதவள், உன் வார்த்தையையே சொன்னாள்.

அவளிடம் பென்சில் வாங்கினேன். உன் நோட்டைத் திறந்து, காலியாக விட்ட இடத்தில், எழுத வேண்டியவன் எழுதிவிட்டேன். உன் தம் நாற்பத்தொன்று மச்சான். நூற்றுக்கு நாற்பத்தொன்று. கோலைக் கீழே வை. ஓடத்தை நான் ஒருவனே தள்ளிக்கொள்கிறேன், கோணலாகப் போனால் போகட்டும். அக்கரையில் பொன்னேரி பஸ் நிற்கிறது, டாக்டரிடம் போகலாம், வா.