திரியாத பால்

சித்திரை 14, வியாழன். ஆம்பூர்.

விடுதிப் பிள்ளைகளுக்கு வரப்போகும் பாலை இரண்டு விதமாகச் சோதித்தேன். உயிருள்ள கிருமி மட்டுமே வளரும் தட்டில் இரண்டு நாளாகியும் ஒன்றுகூட வளரவில்லை. செத்ததையும் காட்டும் மைக்ராஸ்கோப்பில் எண்ணி மாளாத கூட்டம்.

“காய்ச்சின பாலா?” என்று பால்காரரைக் கேட்டேன்.

“இல்லீங்க, கறந்த சூட்டோட எடுத்தாந்தேன்.”

எங்கள் ஆய்வகப் பொறுப்பு டாக்டரிடம் சொன்னேன். “செத்த கிருமி யாரை என்ன பண்ணும்? தட்டு சுத்தமா இருக்கு. பால் நல்லதுன்னு எழுதிடுங்க,” என்றார்.

எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். காய்ச்சாத பாலில் அத்தனையையும் கொன்றது எது, என்ன கலந்திருக்கிறது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மிச்சப் பாலைத் திங்கட்கிழமை மேசைமேல் வைத்தேன். இந்த வெயிலிலும் இன்னும் திரியவில்லை. ஓர் எறும்புகூட அதன் பக்கம் போகவில்லை.

விடுதியில் நாளைக் காலை ஆறு மணிக்கு இந்தப் பால்காரரின் பாலை ஊற்றுவார்கள்.