சாக்குக்குள் நின்றவர்

பாலையூற்று, திருகோணமலை
14.02.1993

அன்பின் அத்தானுக்கு,

நான் சுகம், பிள்ளை சுகம், கோழிகளும் சுகம். சல்லிக் கிராமத்து மீன்காரர் நேற்றுச் சூடை கொண்டுவந்தார். பொரித்து உங்கள் பங்கையும் நானே சாப்பிட்டேன், கோபிக்க வேண்டாம்.

எங்களைப் பாரிசுக்குக் கூப்பிடுகிற கடதாசி என்ன ஆயிற்று? அடுத்த மாதம் நிரப்புகிறேன் என்று ஐந்தாம் தரமும் எழுதிவிட்டீர்கள். அங்கே வேறு யாரும் இருந்தால் நேரே சொல்லிவிடுங்கள்.

உங்கள்
மலர்

பாரிஸ்
09.03.1993

அன்பின் மலருக்கு,

வேறு யாரும் இல்லையப்பா. இதைத் தபாலில் போடப் பயம். ஊருக்கு வருகிற அபூதாஹிர் கையில் தருகிறேன்.

இங்கே ஒரு படம் எடுக்கிறார்கள். தென்னமெரிக்காவில் இராணுவம் ஆண்ட காலத்துக் கதை. எங்கள் நிறத்து ஆட்கள் வேண்டுமென்று என்னையும் கூட்டிப்போனார்கள். கிடைத்த வேஷம் தலையாட்டி. தலையில் சாக்கைப் போட்டு நின்று, வரிசையில் வருகிறவர்களை ஆமிக்குத் தலையாட்டிக் காட்டிக்கொடுக்க வேண்டும். படம் எடுக்கிற அம்மா மெதுவாக, பாம்பு மாதிரித் தலையாட்டச் சொன்னா. "அப்படியில்லை, உடம்பு முழுக்க நடுங்கும்" என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டா. சிநேகிதன் சொன்னது என்றேன். நடுங்கினால் சனத்துக்கு அவன்மேல் இரக்கம் வந்துவிடுமாம். பாம்பு மாதிரியே ஆட்டிவிட்டு வந்தேன்.

மலர், சிநேகிதன் இல்லை. நான்தான். தொண்ணூறில் ஆமி பிடித்துப்போன ஐந்தாம் நாள் என்னை மைதானத்தில் சாக்கோடு நிறுத்தினார்கள். ஒருவரையும் காட்டுவதில்லை என்றுதான் நின்றேன். எங்கள் ஒழுங்கை ஞானசேகரம் அண்ணை முன்னால் வந்தபோது தலை ஆடிவிட்டது. நடுங்கினேனா, ஆட்டினேனா, இன்றைக்கும் தெரியாது. அவரை ஏற்றிப்போனார்கள். மறுநாள் என்னை விட்டார்கள்.

இதைச் சொல்லாமல் உம்மைக் கூப்பிட மனம் வரவில்லை. இனி வருவதும் விடுவதும் உம்முடைய விருப்பம்.

நித்தியராசா

பாலையூற்று
02.05.1993

அன்பின் அத்தானுக்கு,

அன்றைக்கு மைதானத்தில் பெண்கள் பக்கத்தில் நானும் இருந்தேன். சாக்கு தலைக்குத்தானே, காலுக்கு இல்லையே. நாலு வருசம் கூட இருந்தவளுக்குப் புருசனின் கால் தெரியாதா? நீங்களே சொல்லுவீர்கள் என்று பார்த்திருந்தேன். கோபம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அண்ணையின் மனைவிக்கு முகம் கொடுக்க ஏலாமல் சுற்றிப் போய்த்தான் சந்தைக்குப் போனேன்.

அண்ணை போன வருசம் உயிரோடு வந்துவிட்டார். அதை எழுதினால், சாக்குக்குள் நின்றது நீங்கள் என்று எனக்குத் தெரியும் என்பது உங்களுக்கு விளங்கிவிடும் என்று பயந்து எழுதவில்லை. அது என் பிழை.

நேற்று உங்கள் கடிதத்தை அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்தார். மனைவியைத் தேத்தண்ணி போடக் குசினிக்கு அனுப்பினார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"தங்கச்சி, என்னையும் ரெண்டு தரம் சாக்குக்குள்ள நிப்பாட்டினவங்கள். நானும் ஆட்டினனான். இவளுக்கு இன்னும் தெரியாது. உம்மட மனுசன் சொல்லிப்போட்டார், என்னால ஏலாமக் கிடக்கு."

தேத்தண்ணி வந்தது. மூன்று பேரும் மழையைப் பற்றிக் கதைத்துக்கொண்டு குடித்தோம்.

அத்தான், அங்கே திரும்பி வருகிற அபூதாஹிர் இதைக் கொண்டுவருவார். வாசித்த கையோடு கடதாசியை நிரப்புங்கள். பிள்ளை பிறந்தது 03.06.1988. என்னுடைய பிறந்த திகதியும் மறந்திருப்பீர்கள், 19.11.1963.

உங்கள்
மலர்