ஓடை வடியும் வரை பேசியது

நேற்று மாலை பெய்த மழையில் என் மருமகன் தன் தோல் செருப்பை நனைத்துக்கொண்டு வந்து வாசலில் கழற்றிப் போட்டான். ஈரத்தோலின் வாடை வீடு முழுக்க ஏறிவிட்டது. எனக்கு என்ன ஆயிற்றோ, "செருப்பைக் காலிலிருந்து எதற்குக் கழற்றினாய்?" என்று அவனிடம் கத்தினேன். பாவம், வாசலில் கழற்றாமல் வேறெங்கே கழற்றுவான்? மனைவி அவனை உள்ளே அழைத்துப் போனாள். நான் அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பள்ளிக்கூடத்துச் சிநேகிதா, உன்மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. வயதானால் தணியும் என்றார்கள். தணியவில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி ஞாயிறு. நீ, நான், சேகர். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் போய், அங்கிருந்து ஜவ்வாது மலைக்குப் பஸ் பிடித்தோம். பள்ளத்தாக்கில் இறங்கி அருவியைப் பார்த்துவிட்டு மாலை பஸ்ஸுக்குத் திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான் திட்டம். வழியில் ஓர் ஓடை. கணுக்கால்கூட நனையாத தண்ணீர், தாண்டியதே தெரியவில்லை. சாமைக் கொல்லைகளின் ஓரமாக நடந்தபோது மழை பிடித்துக்கொண்டது.

நீ உடனே நின்றாய். மெட்ராஸ் வேலைக்குப் போட்டுக்கொண்டு போவதற்காக உன் அத்தா செய்வித்துக் கொடுத்த புது ஷூ அது. கழற்றி, நாடாவை முடிந்து கழுத்தில் மாட்டிக்கொண்டாய். சட்டையையும் கழற்றி அதற்குப் போர்த்தினாய். சேகர் சிரித்தான்.

"சிரிடா சிரி. இத நனச்சிகினு போனா எங்கத்தா என் தோல உரிச்சி சுண்ணாம்புல ஊறப் போட்டுடுவாரு."

சிரித்த நாங்களும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டோம். தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு நடுவில் வளர்ந்தவர்கள் அல்லவா! கால் நனையலாம், தோல் நனையக் கூடாது. வேறு எந்த ஊர்ப் பிள்ளைகளாவது செருப்பு இருந்தும் ஈரப்புல்லில் வெறுங்காலோடு நடப்பார்களா?

கொல்லைக் கரையில் கல் வரப்பைத் தாண்டும்போது "முள்ளு" என்றாய். காவலுக்கு நின்ற மலைக்காரர் ஒருவர் ஓடி வந்தார். கல்லிடுக்கில் அது படம் சுருக்கி நுழைந்ததை அவர் பார்த்திருந்தார். "நல்ல பாம்பு சாமி" என்றார். உன் கணுக்காலுக்கு மேல் தன் துண்டைக் கட்டினார். கம்பளியைக் கழியில் முடிந்து டோலி கட்டி, அவரும் அவர் தம்பியும் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர்களுக்கு ஈடு கொடுத்து எங்களால் ஓட முடியவில்லை. டோலிக்குள்ளிருந்து நீ எங்களைக் கிண்டல் செய்தபடியே வந்தாய்.

ஓடைக்கு வந்தோம். ஓடை இல்லை. செம்மண் தண்ணீர் மரக்கிளைகளைப் புரட்டிக்கொண்டு போனது. அந்தப் பக்கம் பாதை தெரிந்தது, பாதை முடிவில் பஸ் ரோடு. சேகர் குதிக்கப் போனான். மலைக்காரரின் தம்பி அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்து மண்ணில் தள்ளினார்.

"தண்ணி எறங்கட்டும்ங்க. இப்ப எறங்குனா டோலியோட போய்டும். தம்பி, நீங்க இவர தூங்க வுடாதீங்க. பேசிகினே இருங்க. என்னா ஆனாலும் பேச்ச நிறுத்தாதீங்க."

கடிபட்டவன் தூங்கினால் எழமாட்டான் என்பது அவர்கள் நம்பிக்கை. நான் பேசினேன். பார்த்த சினிமாக்கள், உன் அக்கா கல்யாணத்துப் பிரியாணி, கணக்கு வாத்தியாரிடம் நாம் வாங்கிய அடி. உன் இமைகள் தாமாக இறங்கின. நாக்கு தடித்தது.

"இன்னாடா, தண்ணி எறங்கிடிச்சா?"

"எறங்கிகினே இருக்குடா."

அப்போது தண்ணீர் நான் உட்கார்ந்திருந்த கல்லைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு உனக்குப் பேச்சு வரவில்லை. நான் நிறுத்தவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போனபோது நம் தெருக் கடைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிறகு உன்னைத் திட்டினேன். பிறகு கெஞ்சினேன். சேகர் அல்லாவையும் முருகனையும் மாறி மாறிக் கூப்பிட்டான். பொழுது சாயும் நேரத்தில் தண்ணீர் இறங்கியது. டோலி அக்கரை ஏறியது. மலைக்காரர் உன் மூக்கருகே கையை வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதும் நான் பேசிக்கொண்டிருந்தேன். "போதும்டா" என்று சேகர் என் வாயைப் பொத்தினான். அவன் கையைக் கடித்துவிட்டேன்.

பல வருடம் கழித்து ஒரு டாக்டர் சொன்னார்: அந்த விஷம் கண்ணையும் நாக்கையும் மூச்சையும்தான் கட்டும், காது கடைசிவரை கேட்கும். ஆறுதல் சொல்வதாக நினைத்துச் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. பதில் சொல்ல முடியாமல் நீ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்தாய். எந்த வார்த்தையோடு உன் காது நின்றது? கடையின் பெயரா? திட்டா?

தெரியாததால் நிறுத்த முடியவில்லை. குளிக்கும்போது பேசுகிறேன், பஸ்ஸில் பேசுகிறேன். வீட்டில் இது கிழவனின் பழக்கம் என்று விட்டுவிட்டார்கள். இதோ, இப்போதும் உன்னிடம்தான் பேசுகிறேன். தண்ணி எறங்கிகினே இருக்குடா. கொஞ்ச நேரம்தான். டேய், தூங்கிடாதடா.