ஒன்பதாவது நிமிடத்தில் எரிந்த பல்பு

என் பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான், அப்பா, சின்னவள் மூவரும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, போதுமான அளவு தூங்கி, இருமல் சளி இல்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தாமதத்துக்கு வேலையைச் சாக்குச் சொல்லலாம், ஆனால் இசை விழா முடிந்தே ஒன்றரை மாதம் ஆகிவிட்டதே, நீ நம்பமாட்டாய். நாலு முறை எழுதினேன், நாலு முறையும் கிழித்துப் போட்டேன். சின்னவளுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது, அதைத் தீப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டு அக்காவிடம் காட்ட வேண்டும் என்று யாரையும் தொடவிடமாட்டேன் என்கிறாள். சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. அப்பா வழக்கம்போல நாளைக்குப் பார்க்கலாம் என்கிறார். உன் அப்பாவுக்கு எல்லாமே நாளைக்குத்தான், ஒன்றே ஒன்றைத் தவிர, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீ எழுதியிருந்தாய், "அந்தப் பல்பைப் போட்டது நீங்க இல்லன்னு அப்பா சொல்லிட்டாரும்மா, உங்ககிட்ட முகம் கொடுத்துக்கூடப் பேசாம ரயில் ஏறினது என் தப்பு, மன்னிச்சிடுங்க" என்று. அந்த வரியை எத்தனை தடவை பிரித்துப் பார்த்தேனோ, தாள் மடிப்பிலேயே கிழிந்துவிட்டது. நீ மன்னிப்புக் கேட்காதே. அந்தப் பல்பைப் போட்டது நான்தான். நீ மேடையேறி ஒன்பதாவது நிமிடத்தில், உன் இருபத்திரண்டு நிமிடத்தில் பாதிகூட முடியாதபோது, சிவப்பு சுவிட்சைத் தட்டியது உன் அம்மாவின் விரல். அப்பா ரயில் நிலையத்தில் உன் அழுகையைப் பார்க்கப் பொறுக்காமல் விளக்குக்காரர் மேல் பழியைப் போட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து பெரிய உதவி செய்துவிட்ட மாதிரி என்னிடம் சொன்னார். நானும் சும்மா இருந்துவிட்டேன். அந்தச் சும்மா இருந்ததுதான் இப்போது இன்னொரு வீட்டு அடுப்பில் தண்ணீர் ஊற்றியிருக்கிறது.

பதினோரு வருடமாக நான் அந்த விழாவில் என்ன செய்கிறேன் என்று உனக்குச் சரியாகத் தெரியாது. உன் தோழிகளிடம் அம்மா அனவுன்ஸ்மென்ட் பண்றாங்க என்று சொல்வாய். மேடையில் பேசுவது செயலாளர், நான் அல்ல. யார் எந்த வண்டியில் வருகிறார்கள், யாருக்கு முதுகு வலிக்கு உயரமான நாற்காலி வேண்டும், எந்த இரண்டு பேரை ஒரே அறையில் உட்காரவைத்தால் சண்டை வரும், மைக் யாருக்கு எத்தனை, ஆம்புலன்ஸ் எந்த வாசலில் நிற்கும், கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, தன்னார்வலர்கள் சாப்பிட்டார்களா, இத்தனையும் என் நோட்டில் இருக்கும். அதற்கு மேல் நேரம். ஒவ்வொரு கலைஞருக்கும் அவர் எவ்வளவு தாமதமாக வருவார் என்று கணக்குப் போட்டு அந்த அளவுக்கு முன்னதாகப் பொய் நேரம் சொல்லி வரவழைப்பேன். மேடை விளிம்பில் ஒரு பெட்டியில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பல்பு இருக்கும், சுவிட்ச் என் மேஜையில். மஞ்சள் போட்டால் ஐந்து நிமிடம் பாக்கி, சிவப்பு போட்டால் எடுத்த வரியை முடித்துவிட்டு இறங்க வேண்டும். ஈவு இரக்கம் இல்லாதவள் என்று எனக்குப் பெயர். சிவப்பம்மா என்று தன்னார்வலர்கள் முதுகுக்குப் பின்னால் கூப்பிடுவது எனக்குத் தெரியும். படித்த படிப்புக்கு ஒரு வேலைக்கும் போகாமல், பத்தொன்பது வயதில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டே பரீட்சை எழுதியவளுக்கு, அந்த ஒரு பெயராவது ஊரில் கிடைத்ததே என்று உள்ளுக்குள் பெருமைதான், ஒளிப்பானேன்.

கடைசி நாள் நடந்ததைச் சொல்கிறேன். ஆறு மணிக்கு அரங்கைக் காலி செய்து சாவியைக் கொடுத்தாக வேண்டும், தவறினால் அடுத்த வருடம் அரங்கு இல்லை. தலைமைப் பாடகர் நாலரைக்கு முடிக்க வேண்டும், அடுத்தது நீ, ஐந்து மணிக்கு நாற்பது பிள்ளைகள் சேர்ந்து பாடும் நிறைவுப் பாட்டு. நாலு இருபத்தைந்துக்கு மஞ்சள் போட்டேன். பாடகர் கண்ணை மூடிக்கொண்டார். நாலரைக்குச் சிவப்பு போடக் கையை நீட்டினேன், பக்கத்தில் நின்ற செயலாளர் தன் கோப்பை எடுத்துச் சுவிட்சுப் பெட்டி மேல் வைத்தார். "அவருக்கெல்லாம் லைட்டு போடுவீங்களா, என்னம்மா நீங்க, யாருக்கு எதுன்னு தெரிய வேண்டாமா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். முப்பத்தைந்து நிமிடம் அந்தக் கோப்பு அங்கேயே இருந்தது. பாடகர் இறங்கினார், கைதட்டல் ஓய்ந்தது, நீ வயலினை எடுத்துக்கொண்டு மேடைக்கு வந்தாய், செயலாளர் கோப்பை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "அஞ்சு இருபதுக்குப் பிள்ளைங்க ஏறணும், உங்க பொண்ணுதானே, நீங்க சொன்னா கேட்டுக்குவா" என்று சொல்லிவிட்டுப் பாடகரை வழியனுப்பப் போய்விட்டார். அவர் பொண்ணாக இருந்தால் கோப்பு இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கும், இல்லையா.

இதோடு நிறுத்தினால் எல்லாம் செயலாளர் குற்றம் என்று ஆகிவிடும், நானும் நல்லவளாகிவிடுவேன். அப்படி இல்லை. அரங்கத்து மின்வேலைக்காரர் அப்போது என் பின்னால் நின்றார். யாரென்று உனக்குத் தெரியும், சின்ன வயதில் எப்போதும் ஏணி மேலேயே இருக்கிறாரே என்று நீ ஏணி மாமா என்று கூப்பிடுவாயே, அவர். அவர் குனிந்து மெதுவாக, "அக்கா, பல்பு ஃபியூஸ் போயிடுச்சுன்னு நான் சொல்லிக்கிறேன், பாப்பா முழுசா வாசிக்கட்டும். பிள்ளைங்க ரெண்டு சரணத்தைக் குறைச்சுக்குவாங்க, யாரும் கேட்க மாட்டாங்க" என்றார். முடியாது என்றேன். ஏன் தெரியுமா. மூன்றாவது வரிசையில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்ததைச் சற்று முன்னால் பார்த்திருந்தேன். போன வருடம் அவர் மகனை எட்டாவது நிமிடத்தில் நான் இறக்கிவிட்டேன், அந்த அம்மா வாசலில் என்னைப் பார்த்து "உங்களுக்கும் ஒரு பிள்ளை மேடை ஏறும்ல" என்றார். அந்த ஒரு முகத்துக்காக, சிவப்பம்மா தன் பிள்ளைக்கு மட்டும் விட்டுவிட்டாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத் தட்டினேன். நீ நிமிர்ந்து பல்பைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். வில்லைத் தூக்கிய கை அப்படியே நின்றது. விழா முடிந்ததும் அந்த அம்மா நேராக என்னிடம் வந்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நின்றேன். காரை எடுக்க எந்த வாசல் திறந்திருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனார். உன் நிகழ்ச்சியை அவர் பார்க்கவே இல்லை, அந்த நேரம் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தாராம்.

இனிதான் நான் கிழித்துக் கிழித்துப் போட்ட பகுதி. நீ எனக்கு எழுதிய அன்றே விழாக் குழுவுக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறாய், மேடை விளக்குக்குப் பொறுப்பானவர் கவனக்குறைவாக ஒரு இளம் கலைஞரை அவமானப்படுத்திவிட்டார், நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று. நன்றாகத்தான் எழுதியிருந்தாய், என்னைப் போலவே சுற்றி வளைக்காமல். அது ஏணி மாமாவைக் குறிக்கும் என்று உனக்குத் தோன்றியே இருக்காது. கூட்டத்தில் செயலாளர் அதைச் சத்தமாகப் படித்தார். பாடகர் முப்பத்தைந்து நிமிடம் கூடுதலாகப் பாடியதை யாரும் கேள்வி கேட்காமலிருக்க, செயலாளருக்குப் பழி போட ஒரு ஆள் தேவைப்பட்டது, நீ அனுப்பிவைத்தாய். "ஆமா, அந்தக் கரெண்டுக்காரன் அவசரப்பட்டுட்டான், அரங்கத்துல சொல்லிடறேன்" என்றார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். அவருக்குத் தெரியும், சுவிட்ச் யார் மேஜையில் இருந்தது என்று. நான் தண்ணீர் குடித்தேன். கூட்டக் குறிப்பு எழுதுவதும் என் வேலைதான், அந்தத் தீர்மானத்தை என் கையெழுத்திலேயே எழுதினேன். மறுவாரம் ஏணி மாமாவை அரங்கத்து வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். யாரோ கொடுத்த மிக்ஸியைப் பிரித்துப் போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கக்கா என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். புகார் எழுதியது யார் என்று செயலாளர் அவரிடம் சொல்லியிருந்தார், சொல்லாமல் இருப்பாரா. நான் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று ஆரம்பித்தேன். "சொல்லுங்க, சொல்லாட்டியும் போங்க, வேற ஆள் போட்டாச்சு" என்றார் திருப்புளியைத் துடைத்துக்கொண்டே. பிறகு, "பாப்பா அன்னிக்கு மத்தியானம் மைக் சோதிக்கறப்போ அதை முழுசா வாசிச்சுதுக்கா. நான் ஏணியிலேயே நின்னுக்கிட்டு கடைசி வரைக்கும் கேட்டேன். அந்த மண்டபத்துல முழுசா கேட்டது நான் ஒருத்தன்தான்" என்றார். குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் தேவலை.

இன்று காலை செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன், சுவிட்சைத் தட்டியது நான், தீர்மானம் தவறு, நான் விலகிக்கொள்கிறேன் என்று. படித்துவிட்டு, "முடிஞ்சு போனதை எதுக்குக் கிளறிக்கிட்டு, இதை நீங்களே வச்சுக்கங்க" என்று திருப்பிக் கொடுத்தார். விலகலை மட்டும் வாய்வார்த்தையாக ஏற்றுக்கொண்டார், அதற்கு அவருக்கு அரை நிமிடம் ஆகவில்லை. அவர் மைத்துனர் இனி நேரம் பார்ப்பாராம். ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு இருக்கிறது, அங்கே எழுந்து நின்று படிக்கப்போகிறேன். ஏணி மாமாவுக்கு வேலை திரும்பக் கிடைக்கும் என்று உனக்குப் பொய் சொல்லமாட்டேன், கிடைக்காது. என்னை மன்னிக்கும்படியும் கேட்கப்போவதில்லை, கேட்டால் நீ சரிம்மா என்று சொல்லிவிடுவாய், அது எனக்கு வேண்டாம். உனக்கும் ஒரு வேலை இருக்கிறது. யாரோ சொன்னதை விசாரிக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பினாயே, அந்தக் கையால் அவருக்கு ஒரு கடிதம் எழுது. எனக்குப் பதில் போடுவது பிறகு ஆகட்டும், முதலில் அவருக்கு. விலாசம் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

குளிருக்கு அந்தத் தடித்த மேல்சட்டையைப் போட்டுக்கொள், அழகாக இல்லை என்று பெட்டியிலேயே வைத்திருக்காதே. வயலினை ஜன்னல் பக்கம் வைக்காதே. அப்பாவிடம் கோபிக்காதே, அவருக்கு உன் அழுகை மட்டும்தான் தெரிந்தது. எங்கே இருந்தாலும் உன் கையும் காதும் குறையில்லாமல் இருக்க வேண்டும், எடுத்த பாட்டை முடித்துவிட்டு இறங்கும் மேடைகள் உனக்கு அமைய வேண்டும். சின்னவள் முத்தம் தரச் சொன்னாள், பல் விழுந்த இடத்தால் தருகிறாளாம். விடுமுறைக்கு வருவதும் வராததும் உன் விருப்பம். வந்தால் ஏணி மாமா வீட்டுக்குப் போய்விட்டு, அப்புறம் நம் வீட்டுக்கு வா.

உன்னைப் பெற்றவள்,
அம்மா